லவுஞ்சா, டிரான்சிட் ஹோட்டலா, கேட் நாற்காலியா?

நீண்ட பயணத்தில் நடுவே விமானம் மாற வேண்டியிருந்தால், அந்த இடைவேளையைக் கழிக்க நான்கு இடங்கள் உண்டு: விமான நிறுவனத்தின் பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச் (பயணிகள் காத்திருக்கும் வசதியான ஓய்வறை), கார்டு காட்டி நுழையும் பொது லவுஞ்ச், விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் டிரான்சிட் ஹோட்டல், எதுவும் வேண்டாம் என்றால் கேட் பக்கத்து நாற்காலி. லவுஞ்ச் என்றதும் எல்லோரும் சாப்பாட்டைத்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. அடுத்த விமானத்திலும் சாப்பாடு போடத்தானே போகிறார்கள்?

முதலில் பார்க்க வேண்டியது குளியலறை. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். பத்து மணி நேரம் அதில் உட்கார்ந்து இறங்கினால் கண் எரியும், தோல் வறண்டு இழுக்கும். அப்போது வெந்நீரில் ஒரு குளியல் போட்டால் பாதி அலுப்பு போய்விடும். இந்த விஷயத்தில் விமான நிறுவனங்கள் தங்கள் தலைமை நிலையத்தில் நடத்தும் லவுஞ்சுகளே மேல். ஆனால் நள்ளிரவில் பல விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் அங்கேயும் வரிசைதான். அதனால் உள்ளே போனதும் தட்டை எடுக்காமல், முதலில் ஷவருக்குப் பெயர் கொடுத்துவிடுவேன். மாற்றுத் துணி கைப்பையிலேயே இருக்கட்டும். ஒருமுறை அதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, குளித்த பிறகு அதே கசங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன்.

கார்டு லவுஞ்ச் எகானமி பயணிக்கும் கதவு திறக்கும். பிரயாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் உறுப்பினர் திட்டம் 1992 முதல் இதைச் செய்துவருகிறது. பிறகு கிரெடிட் கார்டுகளும் சேர்ந்துகொண்டன. சிக்கலும் அங்கேதான். கார்டு எல்லோர் கையிலும் வந்துவிட்டது, லவுஞ்ச் மட்டும் பெரிதாகவில்லை. நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பல இடங்களில் மூன்று மணி நேரம்தான் அனுமதி. ஏழு மணி நேர இடைவேளைக்கு இது எந்த மூலைக்கு?

சரி, பிசினஸ் டிக்கெட் இருந்தால் லவுஞ்ச் நிச்சயமா? அதுவும் இல்லை. சில நிறுவனங்களின் மலிவான பிசினஸ் கட்டணத்தில் லவுஞ்ச் சேராது. வாங்கும் முன் விதிகளைப் படித்துவிடுங்கள். இதற்கு நேர் எதிராக, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு தகுதி உள்ளவர் எகானமியில் பறந்தாலும், ஒருசில விதிவிலக்குகள் தவிர, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நுழையலாம்.

ஆறு மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரவு என்றால், என் ஓட்டு டிரான்சிட் ஹோட்டலுக்கு. லவுஞ்ச் சோபா எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அதில் தூங்கி எழுந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருப்பார், விளக்கும் அணையாது. பணம் கொடுத்தாலும் ஹோட்டலில் கட்டில், இருட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் மூன்றும் கிடைக்கும். தோஹா, இஸ்தான்புல் விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமலே தங்க ஹோட்டல் உண்டு. வெளிப்பக்க ஹோட்டலைத் தவறிப் பதிவு செய்தால் விசா கேட்பார்கள், கவனம்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேட் நாற்காலிதான். லவுஞ்சைத் தேடி நடந்து, பிறகு கேட்டுக்கு ஓடுவதிலேயே நேரம் தீர்ந்துவிடும். அப்புறம், பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பே செய்வதில்லை. அங்கே உட்கார்ந்தால் அலாரத்தைப் புறப்படும் நேரத்துக்கு வைக்காமல், போர்டிங் நேரத்துக்கு அரை மணி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.