துளியா, குட்டையா, கடலடி ஊற்றா: முதல் பெப்டைடு எங்கே பிறந்திருக்கும்?

புரதத்தின் மணிகள் அமினோ அமிலங்கள்; அவை கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. உயிர் தோன்றும் முன் பூமியில் அது எப்படி உருவாகியிருக்கும்? இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்து பெப்டைடு ஆக வேண்டுமென்றால் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீராகவே இருந்தால் அது எங்கே போகும்? குளத்தில் முங்கிக்கொண்டே துணி காயவைக்கிற கதைதான். அமினோ அமிலத்துக்குப் பஞ்சமில்லை என்று 1953-இல் வாயுக்கலவையில் மின்பொறி பாய்ச்சிய மில்லரின் பரிசோதனை காட்டிவிட்டது. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் கிளைசின் என்ற மிக எளிய அமினோ அமிலம் கிடைத்தது. மணிகள் இருக்கின்றன, கோப்பதுதான் பாடு.

கடலடி வெந்நீர் ஊற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1999-இல் ஜப்பானில், கிளைசின் கரைந்த சூடான நீரைக் குளிர்ந்த அறைக்குள் திரும்பத் திரும்பப் பாய்ச்சிப் பார்த்தார்கள். தாமிர அயனி சேர்த்தபோது 6 கிளைசின் வரை கோத்தது. ஆனால் சேர்க்கிற சூடே பிரிக்கவும் செய்யும், தண்ணீரும் விலகுவதில்லை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

குட்டை வேறு ரகம். வெயிலில் வற்றும், மழையில் நிரம்பும், மறுபடி வற்றும். தண்ணீரை வெளியேற்றும் வேலையைக் காய்வதே பார்த்துக்கொள்கிறது. 2015-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு இப்படி நனைத்தும் காயவைத்தும் 20 கிளைசின் நீளத்துக்குச் சங்கிலி எடுத்தது. இந்த மூன்று இடங்களில், நீளத்தில் இதற்குச் சரியான போட்டி இல்லை. குறை என்னவென்றால், கடல் சூழ்ந்த அந்த ஆதிப் பூமியில் குட்டை கட்ட நிலம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சரி, துளிக்கு வருவோம். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சொட்டை 1 மைக்ரான் துளிகளாகச் சிதறடித்தால் நூறு கோடி துளிகள் கிடைக்கும். தண்ணீர் அதே அளவுதான், மேற்பரப்பு மட்டும் ஆயிரம் மடங்கு. அந்த மேற்பரப்பில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே நிற்கும் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கிற நிலை அது. குட்டை நாள்கணக்கில் செய்வதைத் துளியின் விளிம்பு அந்தக் கணத்திலேயே செய்கிறது.

2012-இல் கொலராடோவில் வெரோனிகா வைடாவின் ஆய்வகம் நீர்ப்பரப்பிலேயே பெப்டைடு பிணைப்பு உருவாவதைக் கண்டது. ஆனால் பயன்படுத்தியது லியூசின் என்ற அமினோ அமிலத்தை எளிதில் சேரும்படி முன்பே மாற்றிய எஸ்டர் வடிவம், கூடவே தாமிர அயனி. பாதி சமைத்த பண்டம் என்று சொல்லலாம். 2022-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் குழு வெறும் கிளைசினையும் அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் நுண்துளிகளாகத் தெளித்து, மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் டைபெப்டைடை, அதாவது இரண்டு மணி கோத்த பெப்டைடைப் பார்த்தது. வினையூக்கியும் இல்லை, கூடுதல் வேதிப்பொருளும் இல்லை.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானிக்குள் மாதிரியை அனுப்புவதே, பெரும்பாலும் மின்னழுத்தம் தந்து, இப்படித் தெளித்துத்தான். ருசி பார்க்கிற கரண்டியே சமைக்கவும் செய்கிறதோ என்று சந்தேகம் வராமல் இருக்காது. அப்புறம், கிடைத்தது பெரும்பாலும் நீளம் குறைந்த சங்கிலி.

ஆகவே முதல் முடிச்சுக்கு என் ஓட்டு துளிக்கு, நீளத்துக்குக் குட்டைக்கு. அலை பாறையில் மோதிச் சிதறும் தூறல், பாறைக் குழியில் விழுந்து வற்றுகிற இடத்தில் இரண்டுமே இருக்கின்றன. நான் பார்க்க ஆசைப்படும் சோதனையும் அதுதான்: மின்னழுத்தம் தராமல், கடல் உப்போடு, மிகவும் நீர்த்த கிளைசின் கரைசலைத் தெளித்து, விழுந்ததைக் காயவிட்டு, மூன்றாவது கிளைசின் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.