கோடை முகாம்: பத்து நாளா, ஐந்து வாரமா?

தெருப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்த நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான்.

செலவு: பத்து நாள் என்றால் சுண்டல், மோர், வண்ணத்தாளோடு முடியும். ஐந்து வாரத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைக்கவேண்டும். தன்னார்வலர்கள் இரண்டாம் வாரமே கல்யாணம், காதுகுத்து என்று நழுவிவிடுவார்கள்.

வருகை: பத்து நாளுக்குக் கவலையில்லை. நீண்ட முகாமில் பாதிப் பேர் பாட்டி ஊருக்குப் போய்விடுவார்கள்.

பலன்: பெரிய வித்தியாசம் இங்கேதான். 2013இல் அமெரிக்காவின் 5 நகரங்களில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கோடை வகுப்பு ஆய்வில், 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளுக்கே கணக்கிலும் மொழிப்பாடத்திலும் கூடுதல் பலன் தெரிந்தது.

வெயில்: இரண்டுக்கும் ஒன்றுதான். அக்னி நட்சத்திரத்தில் பதினொரு மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பறை, ஓரிகாமி, கதை என்று ருசி காட்ட பத்து நாள் போதும். வாசிக்கத் திணறும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து வாரம்தான் சரி. ஆள் பலம் குறைவா, பதினைந்து பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.