தங்கச்சிக்குப் போன பன்னிரண்டு உறைகள்: ஒரு கடிதப் பெட்டித் தொகுப்பு பற்றி

போன வருஷம் என் தங்கச்சி, அவள் கணவர், நாலு வயசுப் பையன் மூன்று பேரும் மிஷனரிகளாக வேறு நாட்டுக்குப் போனார்கள். போய் மூன்றாவது மாதம், இணையத்தில் இந்தக் கடிதப் பெட்டித் தொகுப்பைப் பார்த்து வாங்கினேன். தூரத்தில் ஊழியம் செய்கிறவர்களுக்கு வீட்டிலிருந்து அனுப்புவதற்கென்றே தயாரித்தது என்று போட்டிருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்து, அதிலிருந்த உறைகளில் ஒன்பதைத் திறந்தும் விட்டாள். வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மடித்து நிமிர்த்தும் அட்டைப்பெட்டி ஒன்று, 12 உறைகள், 24 எழுதுதாள்கள், பிள்ளைகள் நிரப்பித் தர ஆறு கேள்வி அட்டைகள், ஒட்டுப்படங்கள், ஒரு வழிமுறைத் தாள். ஒவ்வொரு உறையின் மேலும் அதை எப்போது திறக்க வேண்டும் என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருக்கிறது. கூடுதல் பணம் கட்டினால் கோப்பை, சாவிக்கொத்து, வசனம் பொறித்த மரப்பலகை எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். நான் மரப்பலகை வாங்கினேன். வாங்கியிருக்க வேண்டாம். அது பிடித்த எடைக்கு இன்னும் பத்துக் கடிதம் அனுப்பியிருக்கலாம்.

உறை யோசனை அருமையானது. எல்லாக் கடிதத்தையும் ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிடாமல், தேவைப்படும் நாளுக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சடித்திருக்கும் சீட்டுகளில் பாதி, ஊழியத்தளத்தில் ஒரு வாரம்கூட இருந்து பார்க்காதவர்கள் எழுதியது என்றுதான் எனக்குப் பட்டது. ‘ஊழியத்தில் பெரிய பலன் கண்ட நாளில் திற’ என்று ஒன்று. பலன் கண்ட நாளில் அவளுக்கு நான் எதற்கு? ஏழு சீட்டுகளை உரித்துவிட்டு நானே எழுதி ஒட்டினேன். ‘ஆராதனைக்கு யாருமே வராத ஞாயிற்றுக்கிழமை திற.’ ‘இந்த மொழி எனக்கு வரவே வராது என்று தோன்றும்போது திற.’ ‘நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்ட மறுநாள் காலையில் திற.’ ‘கரண்ட் போன ராத்திரி திற, தம்பிக்கு வாசித்துக் காட்டு.’

பெட்டி கிடைத்த வாரத்திலேயே அவள் திறந்தது மொழி உறையைத்தான். அதில் புத்திமதி எதுவும் வைக்கவில்லை. சின்ன வயதில் அவளுக்கு ‘ழ’ வராது. மழையை மயை என்பாள், வாழைப்பழத்தை வாயப்பயம் என்பாள். கேலி செய்த பிள்ளைகளோடு பேச மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்ததையும், ராத்திரி அம்மா மடியில் படுத்துக்கொண்டு திடீரென்று சரியாகச் சொன்னதையும் அம்மாவே தன் கையெழுத்தில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த முறை போனில் பேசியபோது, “அக்கா, இங்கேயும் ஒரு எழுத்து இருக்கு, எனக்கு வரவே மாட்டேங்குது. அம்மா லெட்டரை மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்” என்றாள்.

கேள்வி அட்டைகள் சிறுவர்களுக்கானவை. எங்கள் வீட்டில் நிரப்பியது அப்பா. அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. வெறும் தாளைக் கொடுத்தால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதோடு பேனாவை மூடி வைத்துவிடுவார். அட்டையில் ‘இந்த வாரம் என்ன செய்தாய்?’ என்று ஒரு கேள்வி. ‘உன் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஓட்ட ஆள் இல்லை. ஆனாலும் அடித்தேன்’ என்று எழுதியிருந்தார். இந்த ஆறு அட்டைகளுக்காகவே தொகுப்பை வாங்கலாம் என்பேன். பெரியவர்களுக்கும் கொடுங்கள்.

தொகுப்பில் இல்லாமல் நானாகச் சேர்த்தது ஒன்று உண்டு. எங்கள் சபையில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் படம் வரைந்தேன். புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பச்சை, குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒரு சின்ன வட்டம், கர்த்தருக்குள் நித்திரை அடைந்த இரண்டு பேர் வழக்கமாக உட்காரும் இடத்தை வெறுமையாக விட்டேன். எடை ஒன்றுமே இல்லை. தினமும் ஒரு வரிசைக்காக ஜெபிக்கிறார்களாம்.

இனி குறைகள். முதலாவது குறை பெரியது. பெட்டியின் வெளிப்பக்கத்தில் சிலுவைப் படமும் ‘எங்கள் அன்பு மிஷனரிக்கு’ என்ற வாசகமும் பெரிதாக அச்சாகியிருக்கின்றன. ஊழியத்துக்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ள நாடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவருக்கு இந்தப் பெட்டி அப்படியே போனால், அவருக்கு மட்டுமல்ல, அவரோடு பழகும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஆபத்து. தங்கச்சி இருக்கும் இடத்தில் அவ்வளவு நெருக்கடி இல்லை. இருந்தும் பழுப்புத் தாளில் சுற்றித்தான் அனுப்பினேன். எந்த வார்த்தைகளைக் கடிதத்துக்குள்கூட எழுதக் கூடாது என்று அவர்களிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘மிஷனரி’, ‘சபை’, ‘ஞானஸ்நானம்’ போன்ற சொற்களையே தவிர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. இதைப் பற்றி வழிமுறைத் தாளில் ஒரு வரி இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். விற்கிறவர்களுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

அதே தாளில் இன்னொரு தவறு. சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதினால் போதும் என்கிறார்கள். போதாது. மதிப்புக் குறைந்த சிறு பொட்டலங்களுக்கு ஒட்டும் சி.என். 22 படிவத்தில் பரிசு என்பது நாம் குறியிட வேண்டிய ஒரு வகை மட்டுமே. உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று பொருள்வாரியாக எழுத வேண்டும். ‘தலையணை உறை, பருத்தி, 1’ என்கிற மாதிரி. தனி லித்தியம் பேட்டரி, பவர் பேங்க், வாசனைத் திரவியம், நகப்பூச்சு எதுவும் தபாலில் வெளிநாட்டுக்குப் போகாது. சாக்லேட்டும் வெப்பமான இடங்களுக்கு வேண்டாம். கோக்கோ வெண்ணெய் உருகுவதற்கு நம் உடம்புச் சூடு போதும், உருகினால் கடிதங்கள் போச்சு.

எடையும் பாருங்கள். சர்வதேசத் தபாலில் சிறு பொட்டலத்துக்கு உச்ச அளவு 2 கிலோ. காலிப் பெட்டியே 380 கிராம் இருந்தது. உறைகளின் பசையும் மோசம், ஈரக்காற்றில் நாலு உறைகள் தானாகவே வாய் திறந்துகொண்டன, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. டேப் போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் வைத்து அனுப்பவும். எழுதுதாள் நல்ல கனம், மறுபக்கம் மை ஊறவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தோழியின் மகன் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபையில் 24 மாத ஊழியத்தில் இருக்கிறான். அவளும் இதே தொகுப்பை வாங்கினாள். அவர்கள் பிள்ளைகளை அடிக்கடி இடம் மாற்றுவார்கள் என்பதால் மிஷன் அலுவலக முகவரிக்கு அனுப்பினாள். தாமதமாக என்றாலும் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2019 பிப்ரவரி வரைக்கும் அந்த ஊழியர்கள் வீட்டுக்குப் போன் பேசுவது வருஷத்தில் ஓரிரு முறைதான், இப்போது வாரம் ஒரு முறை பேசலாம். “வாரா வாரம் முகத்தைப் பார்த்தும் உறை இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்கிறான்” என்றாள்.

உறையோடு என்ன பொருள் வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு, புதிதாக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பைபிளில் அப்போஸ்தலன் பவுல் சிறையிலிருந்து தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிக் கேட்டது துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த தன் மேலங்கியையும், புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும். எல்லாம் அவருடைய சொந்தப் பொருள். மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்றும் எழுதுகிறார். தங்கச்சியிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவளும் அப்படித்தான், தான் வழக்கமாகப் படுக்கும் பழைய தலையணையின் உறையைக் கேட்டாள். துவைக்காமல் அனுப்பச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை, துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்பினார்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மூன்றும் உறைகளுக்கும் கேள்வி அட்டைகளுக்கும். இரண்டாவது பெட்டிக்கு அவற்றை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டிருக்கிறேன். இல்லையென்றால் சாதாரண உறைகளே போதும், சீட்டு நானே எழுதிக்கொள்வேன். அவளிடம் இன்னும் மூன்று உறைகள் பாக்கி. சண்டை உறையைத் திறந்தாயா என்று கேட்டேன். “இரண்டு தடவை கையில எடுத்தோம் அக்கா. ரெண்டு தடவையும் அதுக்குள்ள சமாதானம் ஆயிட்டோம்” என்றாள்.