கம்பளியா, மனுவா?

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் வேலை செய்யும் எங்களுக்குள் மார்கழி வந்தால் இந்தப் பேச்சும் வந்துவிடும். கம்பளியும் அரிசியும் ஏற்றிப் போவதா, காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டு மனு எழுத உட்காருவதா?

கம்பளிக்கு அன்றைக்கே பலன். பனியில் நடுங்கும் பாட்டியிடம் போய்ச் சட்டம் பேச முடியாது. சேலத்தில் நன்கொடையும் சுலபமாகக் கிடைக்கும். போட்டோவுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நிற்பார்கள். யாருக்கும் கோபம் வராது. என்னை உறுத்துவதே அதுதான்.

மனு எழுத ஆரம்பித்தால் "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பம் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். கோரிக்கை முதலில் கிராம சபைக்கு, பிறகு கோட்டக் குழு, மாவட்டக் குழு. மாதங்கள் ஓடும். சேலம் மாவட்ட மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலைப் பழங்குடிகள்) எஸ்.டி. பட்டியலில் இருக்கிறார்கள், அந்தச் சாதிச் சான்றிதழை ஆர்.டி.ஓ. என்கிற கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்கு ஒருமுறை மலையிறங்கினால் ஒருநாள் கூலி போச்சு. (கம்பளி வீட்டு வாசலுக்கே வரும்.)

இருந்தாலும் என் ஓட்டு மனுவுக்குத்தான். போன வருஷம் ஒரு அம்மா, மஞ்சப்பையிலிருந்து நாலாய் மடித்த பழைய ரசீதை எடுத்தார். காட்டில் உழுததற்கு மாமனார் கட்டிய அபராதம். அங்கே உழுதார்கள் என்பதற்கு அதுவே ஒரு ஆதாரம் என்றோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்டம் கட்டின சீட்டுக்கா கண்ணு இப்ப மரியாதை?"