16-ஐக் கழற்றிவிட்டு 32-ஐ மாட்டிச் சென்ற எலக்ட்ரீஷியன்

மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியனை அழைக்கும் எவருக்கும் எங்களுக்கு நேர்ந்தது நேரலாம் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

கடந்த சித்திரையில் எங்கள் படுக்கையறை லைனுக்கான எம்சிபி இரவு வேளையில் அடிக்கடி விழத் தொடங்கியது. ஏ.சி. மாட்ட வந்தவர்கள் தனி லைன் இழுக்காமல், குளியலறைக் கீசருக்குப் போகும் லைனிலிருந்தே இணைப்புக் கொடுத்திருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. சித்திரை வெயிலிலும் அம்மா வெந்நீரில்தான் குளிப்பார். 3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியரும், ஏ.சி. சுமார் 8 ஆம்பியரும் இழுக்க, அதே அறை பிளக்கில் அயர்ன் பாக்ஸையும் மாட்டினால் மொத்தம் 25 ஆம்பியரைத் தொட்டுவிடும். சுவருக்குள் ஓடியதோ 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதற்குப் பொருத்தமான 16 ஆம்பியர் எம்சிபி, தன் வேலையைச் சரியாகச் செய்துதான் விழுந்துகொண்டிருந்தது.

தெரிந்தவர்கள் சொல்லி வந்த எலக்ட்ரீஷியன் பத்து நிமிடங்களில் முடிவுக்கு வந்துவிட்டார். "எம்சிபி வீக் ஆயிடுச்சு சார், பெருசா போட்டுட்டா இனி விழாது" என்றார். அந்த லைனில் என்னென்ன ஓடுகின்றன, வயரின் அளவு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டினார். கூடவே மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தி, "இது இருந்தா தீயே பிடிக்காது" என்று உறுதி கூறி 3,600 ரூபாய் வாங்கிச் சென்றார். அவர் சொன்னபடி எம்சிபி அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் இரவு, பரண் பக்கத்திலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது, வயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸின் மூடி நடுவில் குழிந்து தொங்கியது. கை வைக்க முடியாத சூடு. மெயினை அணைத்துவிட்டு விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் வந்தவர் கம்பியாள் தகுதிச் சான்று பெற்றவர். மூடியைத் திறந்ததும் வயர்களை முறுக்கி அதன்மேல் ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப் தார்போல் உருகி வழிந்திருந்ததைக் காட்டினார். சிவப்பு வயர் பழுப்பாகியிருந்தது. விரலால் அழுத்தியதும் அதன் மேலுறை அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது.

அவர் பொறுமையாக விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 16 ஆம்பியருக்குப் பதில் 25 ஆம்பியர் ஓடினால் சூடு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. வீட்டு வயர்களின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தொடர்ந்து தாங்கும். எம்சிபிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து லைனைத் துண்டிக்கும். ஆனால் 32 ஆம்பியர் எம்சிபிக்கு 25 என்பது சாதாரண ஓட்டம், எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது அசையாது. தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூட்டை எந்த எம்சிபியாலும் உணர முடியாது, ஏனெனில் அங்கே மின்னோட்டம் கூடுவதில்லை. ஆர்சிசிபியோ, பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டுமே பார்க்கும். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் துண்டித்து உயிரைக் காக்கும் அருமையான கருவி அது, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியதுதான். ஆனால் ஓவர்லோடை அது தடுக்காது, அது இருந்தால் தீயே பிடிக்காது என்று சொல்லி விற்றது பொய்.

ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்து 20 ஆம்பியர் எம்சிபியும், கீசர் லைனில் வயரை மாற்றி மீண்டும் 16 ஆம்பியர் எம்சிபியும் போட 7,400 ரூபாய் ஆனது. பணத்தைவிட, அம்மா உறங்கும் அறைக்கு வெளியே அந்த வயர் மூன்று வாரம் வெந்துகொண்டிருந்ததை நினைக்கும்போதுதான் மனம் பதறுகிறது.

முதலில் வந்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "வயர் பழசு சார், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். வயர் பழையது என்று அறிந்தே எம்சிபியை இரட்டிப்பாக்கியிருக்கிறார் என்றால், அதை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அவர் இதே குடியிருப்பில் மேலும் ஆறு வீடுகளில் வேலை செய்திருப்பதாக அறிந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, எம்சிபிகள் இருக்கும் டி.பி. பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எம்சிபியின் முகத்தில் சி16, சி32 என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. மூன்று வீடுகளில் 2.5 வயருக்கு 32 இருந்தது. இரண்டு வீட்டார் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டார் வெளியூரில் இருப்பதால், சாவி வைத்திருக்கும் உறவினரை வரவழைத்து மெயினை அணைத்து வைத்திருக்கிறோம்.