மால் பொம்மைக் கடை: இடம் அருமை, ஆனால் அலமாரியில் ஏன் இவ்வளவுதான்?

சென்னையில் ஒரு மாலின் மேல்தளத்தில் இருக்கும் பெரிய பொம்மைக் கடை இது. பெயர் எழுதவில்லை. நான் சொல்லப்போவது இந்த ஒரு கடைக்கு மட்டுமான விஷயம் இல்லை, பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் எந்தப் பொம்மைக் கடைக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே அலமாரிகளைத்தான் பார்ப்பீர்கள். இடம் விசாலம், ஏசி நன்றாக இருக்கிறது, ஊழியர்கள் பொறுமைசாலிகள், பொருளின் பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேர்வு மிகவும் குறுகல். ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன், ஏன் என்று சொல்கிறேன்.

பொம்மை விநியோகத் தொழிலில் சில வருடம் இருந்தவன் நான். அதனால் கடைக்குள் போனதும் என் கண் பொம்மைமேல் போகாது, அது எந்த ரேக்கில், எந்த உயரத்தில், எத்தனை வரிசை நிற்கிறது என்பதில்தான் போகும். நுழைந்தவுடன் எதிரே நிற்கும் தனி ஸ்டாண்டு, வரிசையின் முனையில் இருக்கும் ரேக், பில் கவுண்டர் பக்கத்துக் கொக்கிகள், இந்த மூன்றும்தான் கடையிலேயே விலை உயர்ந்த இடம். இந்த மாதிரிக் கடைகளில் அந்த இடம் பெரும்பாலும் சும்மா கிடைப்பதில்லை. கம்பெனி அதற்குப் பணமாகக் கொடுக்கும், அல்லது கூடுதல் மார்ஜின் விட்டுக்கொடுக்கும், ஸ்டாண்டைத் தானே செய்து அனுப்பும், சில சமயம் தன் செலவில் ஒரு புரமோட்டரையும் நிறுத்தும். எனவே வாசலில் நிற்கும் கார் செட்டைப் பார்த்து 'இதுதான் இப்போ நல்லா போகுது போல' என்று நினைத்துவிடாதீர்கள். அது நன்றாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த மாதத்துக்கு அந்த இடத்தை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

கடையின் பெரும் பகுதி சினிமா, கார்ட்டூன் பாத்திரங்கள். பென்சில் பாக்ஸ் முதல் ஐந்தாயிரம் ரூபாய் செட் வரை அதே முகங்கள். கம்பெனி அந்த முகத்துக்கு ராயல்டி கட்டுகிறது, அந்தத் தொகை விலையில் ஏறி நம் தலையில்தான் வருகிறது. ஆனாலும் கடைக்கு இது பிடிக்கும், ஏனென்றால் விளக்கிச் சொல்லி விற்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை உள்ளே வரும்போதே பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. 1955-ல் மாட்டல் நிறுவனம் அமெரிக்காவில் வருடம் முழுக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் டிவி விளம்பரம் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பொம்மை வியாபாரம் இந்தப் பக்கம் திரும்பியது. அதுவரை கடைக்காரரும் பெற்றோரும்தான் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள், அப்புறம் குழந்தையே பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கியது, கடைக்காரர் அதை வாங்கி வைக்க வேண்டியதாயிற்று.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. இன்று அலமாரியில் இருக்கும் பொம்மையை யாரோ பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நடக்கும் கண்காட்சி, நியூயார்க் கண்காட்சி, நம் ஊரில் டெல்லியில் நடப்பது என்று எல்லாமே முதலில் வியாபாரிகளுக்கானவை. பெரிய கடைகளின் பர்ச்சேஸ் ஆட்கள் சாம்பிளைப் பார்த்து, விலையைப் பேசி, பண்டிகைக்கு எத்தனை பெட்டி என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையை வார்க்கும் அச்சு வெட்டவே மாதக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். அதனால்தான் பழைய அச்சிலேயே நிறத்தை மாற்றி, ஸ்டிக்கரை மாற்றி 'புதுசு' என்று வருவது இவ்வளவு அதிகம். கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை 1977-ல் நடந்தது. ஸ்டார் வார்ஸ் படம் மே மாதம் வெளியாகி எங்கேயோ போய்விட்டது, பொம்மை உரிமை வைத்திருந்த கென்னர் நிறுவனத்திடம் கிறிஸ்துமஸுக்கு விற்கப் பாத்திரப் பொம்மைகள் தயாராகவே இல்லை. அட்டையும் ஒரு சான்றிதழும் வைத்த காலிப் பெட்டியை விற்றார்கள், பொம்மைகள் அடுத்த வருடம் தபாலில் போயின. அந்தப் பயம் இன்றும் இருக்கிறது. பர்ச்சேஸில் இருப்பவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, போன வருடம் விற்றதையே கொஞ்சம் மாற்றி வாங்குவார். யாரும் கேள்விப்படாத ஒரு நல்ல பொம்மையை வாங்கி அது விற்காமல் தேங்கி டெட் ஸ்டாக் ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

என்னை மிகவும் வருத்துவது பெட்டிக் கணக்கு. ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கை கால் அசையும் சின்னப் பாத்திரப் பொம்மைகளைக் கடை தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்குவது அரிது. ஒரு அட்டைப்பெட்டியில் எந்தப் பாத்திரம் எத்தனை என்று கம்பெனியே நிரப்பி அனுப்பும். நாயகன் இரண்டு மூன்று, வில்லன் ஒன்று, பெண் பாத்திரம் ஒன்று இருந்தால் உண்டு. விற்கும் பாத்திரம் முதல் வாரமே தீர்ந்துவிடும், கொக்கியில் மீதி தொங்கிக்கொண்டே இருக்கும், அது தொங்கும்வரை அடுத்த பெட்டியை ஆர்டர் போட சிஸ்டம் விடாது. இந்தக் கடையிலும் அதே நிலைதான். ஒரு சூப்பர்ஹீரோ வரிசையில் யாரும் எடுக்காத இரண்டு பாத்திரங்கள் மட்டும் தூசியோடு நிற்கின்றன. பெண் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன், 'வந்த அன்னிக்கே போயிடும் சார்' என்றார் அங்கிருந்த தம்பி. வந்த அன்றே போகிறது என்றால் அதை அதிகம் வைக்கத்தானே வேண்டும்? பொம்பளைப் பிள்ளை ஆக்‌ஷன் ஃபிகர் வாங்காது, பையன் பெண் பொம்மை வாங்கமாட்டான் என்று எங்கேயோ ஒரு மீட்டிங்கில் முடிவு செய்கிறார்கள், அதன்படி குறைவாக அனுப்புகிறார்கள், குறைவாக வந்ததால் குறைவாக விற்கிறது, அந்த எண்ணையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 2015-ல் ஸ்டார் வார்ஸ் மோனோபொலி விளையாட்டில் படத்தின் நாயகி ரே-யையே விட்டுவிட்டார்கள். ஒரு சிறுமி கடிதம் எழுதி, விஷயம் பெரிதாகி, அப்புறம்தான் அதைத் தயாரித்த ஹாஸ்ப்ரோ நிறுவனம் சேர்ப்பதாகச் சொன்னது. அதே 2015-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் பொம்மைப் பகுதியில் ஆண், பெண் என்று பிரித்துக் காட்டும் அடையாளங்களை எடுத்தன. கலிஃபோர்னியாவில் பெரிய கடைகள் இருபாலருக்கும் பொதுவான ஒரு பகுதி வைத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. நம் கடையில் இன்னும் ஒரு பக்கம் முழு ரோஸ், எதிர்ப்பக்கம் முழு நீலம். காந்தம், லென்ஸ் வைத்த அறிவியல் செட்டுகள் நீலப் பக்கத்தின் நடுவில் இருக்கின்றன. ரோஸ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை அதைப் பார்க்கவே பார்க்காது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். நான் எடுத்துப் பார்த்த எல்லாவற்றிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருந்தன. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைக்கு இது கட்டாயம். இறக்குமதி வரியும் 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. பாரிமுனைப் பக்கம் மூட்டை மூட்டையாக வந்த பெயர் தெரியாத சீனப் பொம்மைகள் குறைந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம். அந்த இடத்தில் உள்நாட்டுச் சரக்கு வந்திருக்கிறது. எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் பொம்மைகள் ஒரு முழு ரேக் இருக்கின்றன, அவர்களுக்குத் தொழிற்சாலை நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. விலைக்குத் தரம் சரியாக இருக்கும், போர்டு கேம் வாங்குவதென்றால் அந்த ரேக்கை முதலில் பாருங்கள்.

ஆனால் தமிழ்நாட்டுக் கைவினைப் பொம்மை ஒன்றுகூட இல்லை. தஞ்சாவூர் தலையாட்டி இல்லை, அம்பாசமுத்திரம் மரச்செப்பு இல்லை. பக்கத்து மாநிலத்துச் சன்னபட்னா மரப்பொம்மையும் இல்லை. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டத்தை அழகாகச் செய்து விற்கும் கிரீடா சென்னையிலேயே இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது, அதுவும் இங்கே இல்லை. கேட்டால் 'சர்டிஃபிகேட் பிரச்சினை' என்றார்கள். கைவினைப் பொம்மைக்கு அது முழுக் காரணம் இல்லை. கைவினைத் துறையில் பதிவு செய்த கலைஞர்கள் செய்யும் பொம்மைக்கும், புவிசார் குறியீட்டுக்குப் பதிவு பெற்றவர்களின் பொம்மைக்கும் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உண்மையான தடை வேறு. பார்கோடு வேண்டும், ஒரே அளவுப் பெட்டி வேண்டும், எல்லாக் கிளைக்கும் ஒரே தேதியில் சரக்கு போக வேண்டும், விற்காததைத் திருப்பி எடுக்க வேண்டும், பணம் இரண்டு மாதம் கழித்து வரும். மரம் கடைந்து வாரச் சந்தையில் விற்றுச் சாப்பிடும் ஒருவர் இரண்டு மாதம் எப்படிக் காத்திருப்பார்? ஒரு ரேக்குக்கு மட்டும் கையோடு பணம் கொடுத்து வாங்கும் முறையை இந்த நிறுவனம் கொண்டுவரலாம். முடியாத காரியம் இல்லை, மனசு வைக்க வேண்டும்.

கிளை மேலாளரிடம் கொஞ்ச நேரம் பேசினேன், நல்ல மனிதர். எந்த ரேக்கில் எது என்று தலைமை அலுவலகத்திலிருந்து படமாக வருமாம், அதன்படி அடுக்கிப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். இந்தக் கடைக்கு வரும் பிள்ளைகள் எதை எடுத்து எடுத்து வைக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவர் அவர்தான், ஆனால் ஒரு பொம்மையைக்கூட அவரால் சொந்தமாக வாங்கி வைக்க முடியாது. எங்கள் பகுதியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னப் பொம்மைக் கடை அண்ணாச்சி, யாராவது இரண்டு பேர் கேட்டால் அடுத்த முறை சவுகார்பேட்டை போகும்போது ஒரு டஜன் வாங்கி வந்துவிடுவார். அவர் கடையில் ஏசி இல்லை, மாற்றித் தருவதில் தகராறும் உண்டு. ஆனாலும் அந்த அலமாரி அந்தத் தெருவைக் கவனித்து நிரம்புகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குழந்தையின் கண் உயரத்தில் இருப்பவை பெரும்பாலும் பாத்திரப் பொம்மைகள்தான், கட்டுமான செட்டும் புதிர்களும் நம் தோள் உயரத்திலும் மேலேயும் இருக்கின்றன, அங்கே நிமிர்ந்து பாருங்கள். பெட்டியின் பெரிய அளவை நம்பாதீர்கள், உள்ளே பாதி காற்று. எத்தனை துண்டு என்று பக்கவாட்டில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' மேஜையில் இருப்பது பெரும்பாலும் விற்காமல் தங்கிய சரக்கு. அதனால் கெட்டது என்று இல்லை, அங்கே நல்ல மரப் புதிர் ஒன்று எனக்குக் கிடைத்தது. பொத்தான் அழுத்தினால் சத்தம் வரும் பொம்மைக்குப் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள், மறுக்காமல் செய்கிறார்கள். மாற்றித் தர பில் அவசியம், பெட்டி கிழியாமல் இருக்க வேண்டும்.

கவுண்டரில் கருத்துப் படிவம் ஒன்று இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள், அது தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றார் மேலாளர். நான் பல்லாங்குழியும் மரச்செப்பும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் போனால் நீங்களும் எழுதுங்கள், பொம்மையின் பெயரைத் தெளிவாகப் போடுங்கள். அவசரமாகத் தலையாட்டி வேண்டுமென்றால் அண்ணா சாலையில் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் கேட்டுப் பாருங்கள்.