துறைமுக ஊரில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? தராசைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

கடலோரத் துறைமுக ஊர்களுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படகுத்துறையை ஒட்டிய உணவகத்தில் மீன் விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா, முழு மீனுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

நாங்கள் போன ஊரைக் குறை சொல்ல மாட்டேன். வண்ணம் பூசிய வீடுகள், வரிசையாகக் கட்டிப்போட்ட படகுகள், அலைத்தடுப்புச் சுவரின் முனையில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். எந்த அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தோம். இப்படி மனம் இளகியிருப்பவர்கள்தான் கடைக்கு ஆள் பிடிப்பவரின் கண்ணில் முதலில் படுவார்கள். "இன்று காலையில் பிடித்தது, சும்மா வந்து பாருங்கள்" என்று கூட்டிப்போனார்.

உள்ளே ஐஸ் மேல் மீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மெனு அட்டையில் மீனுக்கு நேரே இருந்த விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. அட்டையின் அடியில், பொடி எழுத்தில், '100 கிராமுக்கு'. பணியாளர் பெரிய மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார். எடை எவ்வளவு என்று என் மனைவி கேட்டார். "சமைத்துக் கொண்டுவருகிறேன், பாருங்கள்" என்று சிரித்தபடியே அடுக்களைக்குள் போய்விட்டார். தராசு இருந்ததும் அங்கேதான்.

பில்லில் இரண்டு கிலோவுக்கு மேல் போட்டிருந்தார்கள். தட்டில் வந்ததோ அதில் பாதிகூட இருக்காது. தலை, முள், குடல் எல்லாம் சேர்த்துப் பச்சை மீனைத்தான் எடை போடுவார்கள், சுத்தம் செய்து சுட்டால் குறையும், அது நியாயம்தான். ஆனால் சமைத்த பிறகு முதலில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மொத்த ஏமாற்றும் நிற்பது அந்த இடத்தில்தான். கேட்காமலே கொண்டுவந்து வைத்த ரொட்டிக்கும் தனிக் காசு.

அப்புறம் கார்டு. உள்ளூர்ப் பணமா, உங்கள் நாட்டுப் பணமா என்று மெஷின் கேட்டது. எங்களிடம் காட்டாமல் பணியாளரே பட்டனை அழுத்திவிட்டார். நம் நாட்டுப் பணத்தில் செலுத்தினால் பெரும்பாலும் மோசமான மாற்று விகிதம்தான் கிடைக்கும். தேர்வு செய்ய வேண்டியது வாடிக்கையாளர் என்பதுதான் விசா, மாஸ்டர்கார்டு விதி.

பேர்போன ஊர்களிலும் பில்லை ஏற்றிப் போடுகிறார்கள். 2018 ஜனவரியில் வெனிஸில் ஜப்பானிய மாணவர்கள் நான்கு பேரிடம் ஸ்டீக்குக்கும் பொரித்த மீனுக்குமாக 1,100 யூரோவுக்கு மேல் வாங்கியது உலகச் செய்தியானது.

மீனை உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். வெறும் தட்டு வைத்த பிறகு தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடையையும் மொத்த விலையையும் சீட்டில் எழுதி வாங்கி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள், பக்கத்திலேயே வேறு கடை இருக்கும்.

பில் நகலோடு அந்த ஊர் நுகர்வோர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.